மறவர் சீமைக்குத் திரும்பியவர்

தவக்காலம் தொடங்கும் புதன்கிழமையன்று நம் நண்பர்களில் சிலர் நெற்றியில் சாம்பல் சிலுவையுடன் வகுப்புக்கு வருவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். முந்தைய ஆண்டு குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலைகளை எரித்து எடுத்த சாம்பல் அது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அந்நாளை விபூதிப் புதன் என்றே சொல்லுவார்கள். அன்று முதல் ஈஸ்டர் வரை, ஞாயிறுகள் நீங்கலாக, 40 நாட்கள் நோன்பு. தைப்பூசத்துக்கு மாலையணிந்து திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்து செல்லும் அடியார் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு நோன்பு என்பது புதிய செய்தியன்று. ஆனால் எதை விடுவது, எதுவரை விடுவது என்ற கேள்வி எல்லா நோன்புக்கும் உண்டு. அக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாகக் கொடுத்த ஒருவர், ஒரு விபூதிப் புதனன்று தமிழ் மண்ணில் உயிர்விட்டார். கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரியின் பெயரை அறியாதவர் நம்மில் இரார். அப்பெயருக்கு உரியவர்தாம் அவர்.

அருளானந்தரின் இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. 1647ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் போர்ச்சுக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அரண்மனையில் இளவரசர் பேதுருவுக்குத் தோழராக வளர்ந்தார். ஒருமுறை கடும் நோயுற்றபோது, மகன் பிழைத்தால் ஓராண்டு சேசு சபைத் துறவியரின் அங்கியை அணிவிப்பதாக அன்னை புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். மகன் பிழைத்தான். ஓராண்டுக்கு என்று போட்ட அங்கி அவன் மனத்தைவிட்டுக் கழலவேயில்லை. 15 வயதில் சேசு சபையில் சேர்ந்துவிட்டான்.

இந்தியாவுக்குப் போகிறேன் என்றபோதுதான் வீட்டில் புயல் எழுந்தது. அன்னை, தமக்கிருந்த செல்வாக்கை எல்லாம் திரட்டி, போப்பாண்டவரின் தூதர் வரை சென்று தடுக்கப் பார்த்தார். அந்தத் தாயைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். படிக்க வைக்கும் வீட்டார் பிள்ளை மீது எத்தனை எதிர்பார்ப்பை ஏற்றி வைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அத்தகைய எதிர்பார்ப்பை உதறிவிட்டு 1673இல் கப்பலேறினார் பிரிட்டோ. அதே ஆண்டு செப்டம்பரில் கோவாவை அடைந்தார். மறு ஆண்டு மேற்குத் தொடர்ச்சி மலையைக் கால்நடையாகக் கடந்து தமிழகம் புகுந்தார்.

அந்நாளில் நம் திண்டுக்கல் சீமை மதுரை நாயக்கர் ஆட்சியில் இருந்தது. கிழக்கே இராமநாதபுரம் கடற்கரை வரை சேதுபதிகளின் மறவர் சீமை. நாயக்க நாட்டிலும் அதைச் சுற்றிலும் பரவியிருந்த சேசு சபைப் பணிக்கு மதுரை மிஷன் என்று பெயர். அப்பணியில் ஒரு சிக்கல் இருந்தது. முன்னர் வந்த ராபர்ட் டி நொபிலி பிராமணத் துறவியைப் போல் வாழ்ந்தார். அக்கோலத்தில் இருப்பவர் தாழ்த்தப்பட்ட மக்களின் குடிசைக்குள் நுழைய இயலாது. ஆகவே 1640ஐ ஒட்டிப் பண்டாரசாமிகள் என்ற மற்றொரு கோலம் வகுக்கப்பட்டது. பண்டாரங்கள் எல்லாச் சாதியாரிடமும் ஓரளவு பழகலாம். பிரிட்டோ அதைத் தேர்ந்துகொண்டார். காவியுடை, மரக்கறி உணவு, ஓயாத நடை. அருளானந்தர் என்ற பெயரும் அவருக்கு நிலைத்தது. சாதிக்கொரு கோலம் என்பதே சாதிக்கு இடம் கொடுத்ததாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனினும் அரண்மனையில் உண்டு வளர்ந்த ஒருவர் ஒரு வேளைச் சோற்றோடு குடிசை குடிசையாக நடந்தார் என்பதும் மெய்.

1686இல் மறவர் சீமையில் உபதேசியார்களோடு பிடிபட்டார். கட்டி நீரில் அமுக்கினார்கள். சாட்டையால் அடித்தார்கள். கொளுத்தும் வெயிலில் கரடுமுரடான பாறையில் கிடத்தினார்கள். மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. ஆனால் இராமநாதபுரத்தில் அவரை நேரில் விசாரித்த கிழவன் சேதுபதி, சீமைக்குள் இனிப் போதிக்கக் கூடாது என்று எச்சரித்து உயிரோடு விட்டுவிட்டார். இன்றும் இராமநாதபுரத்தில் நிற்கும் இராமலிங்க விலாசம் அரண்மனையைக் கட்டியவர் அந்தச் சேதுபதிதான். அவரை வெறும் கொடுங்கோலராகக் காட்டும் நாடகங்கள் எனக்கு உடன்பாடல்ல.

பின்னர் மிஷன் பிரதிநிதியாகப் பிரிட்டோ ஐரோப்பா அனுப்பப்பட்டு, 1688இல் லிஸ்பன் சேர்ந்தார். பழைய தோழர் பேதுரு இப்போது அரசர். அரண்மனையிலேயே தங்கித் தம் மகனுக்கு ஆசானாக இருக்கும்படி வற்புறுத்தினார். பிள்ளைப் பருவ நண்பர், தாய்நாடு, வயது முதிர்ந்த அன்னை, அனைத்தும் ஓரிடத்தில். தங்கியிருந்தால் யார் பழித்திருப்பார்? ஒருமுறை சாவின் வாய்க்குப் போய் மீண்டவர் என்று போற்றியிருப்பார்கள். முதன்முறை புறப்பட்டபோது அவர் இளைஞர், வருவது இன்னதென்று அறியாதவர். இரண்டாம் முறை சாட்டை, பாறை, சிறை எல்லாம் உடம்பறிந்தவை. ஆகவே 1673இன் பயணத்தைவிட 1690இன் பயணத்தையே நான் பெரிதாக எண்ணுகிறேன். அவர் மீண்டும் மதுரை மிஷனுக்கே வந்தார். தடை இருந்தும் மறவர் சீமைக்குள் நுழைந்தார்.

அங்கே தடியத்தேவர் என்னும் தலைவர் நோயுற்றிருந்தார். உபதேசியார் ஒருவர் வந்து நற்செய்தி வாசித்து வேண்டியபின் நலம் பெற்றதாக நம்பி, ஞானஸ்நானம் கேட்டார். அவருக்குப் பல மனைவியர். ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டும் என்பது அருளானந்தர் இட்ட நிபந்தனை. தேவர் ஒப்பினார். 1693 ஜனவரி 6ஆம் நாள் ஞானஸ்நானம் நடந்தது. விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் நெருங்கிய உறவினர். அவர் நேரே சேதுபதியிடம் முறையிட்டார். பலரும் அப்பெண்ணைக் கதையின் பொல்லாதவளாக்கி விடுகிறார்கள். எனக்கோ அவள் பக்கமும் ஒரு நியாயம் தெரிகிறது. கணவன் ஒரு புதிய வழியை ஏற்றான். அதற்கான விலையை அவளும் கொடுக்க வேண்டியதாயிற்று. அவளை யாரும் சம்மதம் கேட்கவில்லை. தடியத்தேவர் சேதுபதி பட்டத்துக்கே உரிமை கோரத்தக்கவராயிருந்ததால், குடும்பச் சண்டை அரசியலாகவும் மாறியது.

ஜனவரி 8ஆம் நாள் அருளானந்தர் கைதானார். இராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்கு, சேதுபதியின் சகோதரரிடம் அனுப்பப்பட்டார். பிப்ரவரி 3ஆம் நாள் சிறையிலிருந்து உடன் துறவியருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் பாம்பாற்றின் கரையருகே தலை வெட்டப்பட்டது. 46 வயது நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தன.

அந்த 1693 பிப்ரவரி 4தான் விபூதிப் புதன். அறிவியல் மாணவன் என்ற முறையில் இதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஈஸ்டர் மார்ச் 22க்கு முன் வருவதேயில்லை. ஆகவே விபூதிப் புதனும் பிப்ரவரி 4க்கு முன் வராது. அவர் மறைந்த தேதியும் விபூதிப் புதனும் பின்னர் ஒன்றுசேர்ந்தவை 1761, 1818 ஆகிய இரண்டே ஆண்டுகள். இனி 2285இல்தான்.

1853இல் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், நம் நாடு விடுதலை பெறச் சில வாரங்கள் இருக்கையில் 1947 ஜூன் 22ஆம் நாள் புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன. ஓரியூரின் சிவந்த மணலை அவருடைய குருதியில் சிவந்தது என்று நம்பி மக்கள் பயபக்தியோடு அள்ளிச் செல்கிறார்கள். மண்ணில் இரும்பு ஆக்சைடு இருந்தால் சிவக்கும் என்று ஆய்வுக்கூடம் சொல்லும். அள்ளிச் செல்பவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு நாவெழாது.

மரணச் செய்தி லிஸ்பனை அடைந்ததும் அரசர் நன்றி வழிபாட்டுக்கு ஆணையிட்டார். அன்று தம்மைத் தடுத்துப் பார்த்த அந்த அன்னையும் அரண்மனைக்கு வந்தார். துக்க உடையில் அல்ல, விழாக்கால ஆடையில்.