கடலின் நிறத்தைச் சோதித்தவர்: சர் சி. வி. ராமன்

நடவுக் காலத்தில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா மாணவர்கள் சிலருடன் பழனிசெட்டிபட்டி வயல் பக்கம் நடந்து சென்றோம். முல்லைப் பெரியாற்று நீர் பாய்ந்து நின்ற வயல்கள் யாவும் வானத்தைத் தம்முள் காட்டிக் கொண்டிருந்தன. ஒரு மாணவர், கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டார். இந்த வயலைப் போலத்தான், வானம் அதில் தெரிகிறது என்று நாம் சொன்னோம். சிறு பிராயத்தில் நாம் கேட்டறிந்ததும் அதுவே. அது சரியான விடையன்று என்பது பின்னர்தான் நமக்குத் தெரிய வந்தது. அதைச் சோதித்துக் காட்டியவர் நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன். அவருடைய வாழ்வில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஆகவே அதை இங்கே சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

பிறப்பும் உத்தியோகமும்

ராமன் 1888-ம் ஆண்டு நவம்பர் 7-ம் நாள் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற ராமன், 1904-ல் பி. ஏ. தேர்வில் முதலிடம் பெற்றார். 1906-ல், பதினெட்டு வயதிலேயே, ஒளியைப் பற்றிய அவருடைய கட்டுரை இங்கிலாந்தின் அறிவியல் இதழொன்றில் வெளிவந்தது. 1907-ல் எம். ஏ. முடித்தார். அதே ஆண்டில் அரசாங்க நிதித்துறையில் அதிகாரியாகிக் கல்கத்தா சென்றார்.

பெரிய உத்தியோகம், நல்ல சம்பளம். ஆயினும் அவர் மனம் அதில் நிறையவில்லை. பௌபஜார் வீதியில் 1876-ல் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்துக்கு, அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் சென்று ஆராய்ச்சி செய்தார். 1917-ல் அந்த உத்தியோகத்தையே விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

கப்பலில் ஒரு சோதனை

1921-ல் ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குச் சென்று, நார்குண்டா என்னும் கப்பலில் அவர் திரும்பிக் கொண்டிருந்தார். வழியில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. வானம் ஏன் நீலம் என்பதற்கு விளக்கம் தந்த மேதை ராலே பிரபு. கடலின் நீலமோ வானத்தின் பிரதிபலிப்பே என்று அவர் முன்னரே எழுதியிருந்தார். 1919-ல் அவர் காலமாகிவிட்டார். உலகம் அவர் சொல்லை ஏற்றிருந்தது. ராமன் மறுத்துப் பேசவில்லை. தம்மிடமிருந்த நிக்கோல் பட்டகம் என்னும் சிறு கருவியைக் கையில் எடுத்தார்.

அக்கருவி என்ன செய்யும்? ஒரு தாம்புக் கயிற்றை ஜன்னல் கம்பிகளின் இடையே விட்டு, மேலும் கீழுமாக உதறினால் அலை கடந்து செல்லும். பக்கவாட்டில் உதறினால் கம்பியில் முட்டி நின்றுவிடும். ஒளியும் அலைதான். சூரிய ஒளியில் எல்லாத் திசைகளிலும் அதிர்வு உண்டு. ஒரே திசையில் மட்டும் அதிரும்படி ஆன ஒளியைத் தளவிளைவுற்ற ஒளி என்பர். கால்சைட் படிகத்தால் ஆன நிக்கோல் பட்டகம், ஜன்னல் கம்பியைப் போல ஒரு திசை அதிர்வை மட்டும் விடும்.

நீரில் பட்டுத் திரும்பும் ஒளி, செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 53 டிகிரி சாய்வில் முற்றிலும் தளவிளைவுற்றிருக்கும். அக்கோணத்தில் பட்டகத்தைத் தக்கபடி திருப்பினால், நீரின்மேல் மின்னும் வானத்தின் பிரதிபலிப்பு மறைந்துவிடும். கடலின் நீலம் வானத்திடம் வாங்கிய கடன் என்றால், அதுவும் உடனே மறைய வேண்டுமல்லவா? ராமன் பார்த்தார். நீலம் மறையவில்லை; முன்னிலும் ஆழமாகத் தெரிந்தது. அது நீருக்குள்ளிருந்தே வரும் நிறம். கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நின்றபோதே, 1921 செப்டம்பரில், தாம் கண்டதை எழுதி லண்டனுக்கு அனுப்பினார்.

நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்றார் ராமன். செந்நிறத்தை நீர் உட்கொண்டுவிடுவதும் பெரிய காரணம் என்பது இன்றைய அறிவு. ராமனின் சொல்லும் இவ்வாறு பின்வந்தோரின் சோதனைக்கு உட்பட்டதே.

வத்திராயிருப்பின் கிருஷ்ணன்

இதனைத் தொடர்ந்து அவரும் மாணவர்களும் ஏழாண்டுகள் திரவங்களில் ஒளியைச் செலுத்தி ஆராய்ந்தனர். நம் வருசநாட்டு மலைக்கு அந்தப்புறம் உள்ள வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அவர்களில் ஒருவர். சிதறிய ஒளியில் நிறம் மாறிய மங்கலான ஒரு பகுதி இருப்பதை முன்பே கண்டிருந்தனர். அது திரவம் தானே ஒளிர்வதாக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தது. 1928 பிப்ரவரியில், அந்த மங்கலான ஒளி வலுவாகத் தளவிளைவுற்றிருப்பதைப் பல திரவங்களில் கிருஷ்ணன் கண்டார். சாதாரண ஒளிர்வின் இயல்பு அதுவன்று. ஆகவே இது புதுவகைச் சிதறல் என்பது உறுதிப்பட்டு வந்தது. பிப்ரவரி 28-ம் நாள் நிறமாலைக் கருவி வழியே அது தெளிவாயிற்று. அதுவே ராமன் விளைவு. முதற்கட்டுரையில் இருவர் பெயரும் உண்டு. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. கிருஷ்ணனின் பங்கையும் நினைவில் வைப்பது நீதியாகும்.

1933-ல் பெங்களூர் சென்ற ராமன், 1948-ல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் கண்டார். 1954-ல் பாரத ரத்னா பெற்றார். 1970 நவம்பர் 21-ம் நாள் காலமானார்.

அவர் கப்பலில் கையாண்ட வழி இன்று விண்ணிலும் பயன்படுகிறது. 1999-ல் இந்தியா அனுப்பிய ஓஷன்சாட் செயற்கைக்கோள், கடலிலிருந்து எழும் நுண்ணலைகளைக் கிடை, செங்குத்து என இரு திசை அதிர்வுகளாகப் பிரித்து அளந்தது. அதிலிருந்து கடற்காற்றின் வேகத்தைக் கணித்தனர். 2012-ல் சென்ற ரிசாட் தானே ரேடார் அலைகளை அனுப்பி, மேகத்தை ஊடுருவிப் பூமியைப் பார்த்தது. தேங்கிய நீரும் வளர்ந்த நெற்பயிரும் அவ்வலைகளை வெவ்வேறு விதமாகத் திருப்பும். இதைக் கொண்டு மழைக்காலத்திலும் நெல் வயலை இனம் காணலாம்.

நாம் பெறும் பாடம்

பெரியோரை மதிப்பதும் அவர் சொல்லைச் சோதிப்பதும் முரணல்ல. பக்திமான்களான அறிவிப்பாளர்களின் நினைவாற்றலையும் ஹதீஸ் கலை இமாம்கள் அளந்தே ஏற்றனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தம் உஸ்தாதான இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோடு பல மஸ்அலாக்களில் கருத்து மாறுபட்டும், அதபில் குறை வைக்கவில்லை. ஒளிநூல் எழுதிய பஸராவின் இப்னுல் ஹைதம், பேரறிஞர் தாலமியின் மீதான தம் ஐயங்களைத் தனி நூலாகவே எழுதினார். வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி நம் மார்க்கமும் கட்டளையிடுகிறது.

அடுத்த வாரம் அதே வரப்பில் அந்த மாணவரை அழைத்து, முன்பு நாம் சொன்னது பிழை என்று மற்ற மாணவர்கள் முன்னிலையில் சொன்னோம். முதல் வாக்கியம் தொண்டையில் சற்றுத் தடுக்கத்தான் செய்தது. பிறகு, நண்பர் ஒருவரிடம் வாங்கிச் சென்ற தளவிளைவுக் கறுப்புக் கண்ணாடியை அவரிடம் கொடுத்து, வயல் நீரைப் பார்த்தபடி மெல்லத் திருப்பச் சொன்னோம். வானத்தின் மினுமினுப்பு விலகி, அடியிலிருந்த சேறும் நாற்றின் வேரடியும் அவருக்குத் தெரிந்தன.

மேலே மின்னுவதை விலக்கி உள்ளதை உள்ளபடி காணும் பார்வையையும், பிழையை ஒப்புக்கொள்ளும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.