இடுப்பில் தொங்கிய கடிகாரம்

முழங்கால் வேட்டிக்குச் சட்டைப்பை ஏது? காந்தியடிகள் கடிகாரத்தை இடுப்பிலேயே தொங்கவிட்டிருந்தார். சமஸ்தான மன்னர்கள் தங்கமும் வைரமும் பதித்த கடிகாரங்களை நாடிய காலத்தில், நேருவின் மகள் இந்திரா பரிசளித்த ‘ஸெனித்’ என்ற சுவிட்சர்லாந்து வெள்ளிக் கடிகாரம் அவரிடம் இருந்தது. அதன் சிறப்பு அலாரம். பிரார்த்தனை வேளையை அது நினைவூட்டியது. ரயில் பயணத்தில் களவுபோய், பின்னர் அவரிடமே திரும்பி வந்தது.

1948 ஜனவரி 30 மாலை படேலுடனான உரையாடல் நீண்டது. பேரன் முறையுள்ள கனுவின் மனைவி ஆபா நேரத்தை நினைவூட்டினார். தாமதத்துக்கு வருந்தியபடியே பிரார்த்தனைக்கு விரைந்தவர், திரும்பவில்லை.

ஆபாவிடம் சேர்ந்த அக்கடிகாரம், 2009-இல் நியூயார்க்கில் அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு முதலியவற்றோடு 18 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பயன்மதிப்பு வேறு, பரிமாற்ற மதிப்பு வேறு என்பது பொருளியலின் பால பாடம். பயனால் உடைமையை அளந்தவரின் பொருளை நாம் விலையால் அளந்தோம்.