குமரித் தந்தை மார்ஷல் நேசமணி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் என் தந்தையார் காவலாளி. வாயிலருகே ஒரு முக்காலியில்தான் அவருடைய பொழுது கழியும். மார்த்தாண்டம் பக்கமிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். நான் கல்லூரியில் சேர்ந்த அன்று அவர் எனக்குச் சொன்னது நேசமணியின் முக்காலிக் கதை.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடியில், பள்ளியாடி என்னும் சிற்றூரில் 1895-இல் பிறந்தவர் நேசமணி. சட்டம் பயின்று நாகர்கோவிலில் வழக்கறிஞரானார். அங்கே மேல்சாதி வழக்கறிஞர்களுக்கு நாற்காலி, மற்றவர்க்கு முக்காலி. அந்த முக்காலிகளை அப்புறப்படுத்தி, அனைவருக்கும் நாற்காலி கிடைக்கச் செய்தார் என்று குமரி மக்கள் இன்றும் பெருமையோடு கூறுவர்.

1947-இல் திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர் பதவி விலகினார். 1948 பிப்ரவரியில், வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் தேர்தல் அங்கே நடைபெற்றது. மொத்தம் 120 இடங்கள். காங்கிரஸ் 97 இடங்களைப் பெற, பட்டம் தாணுப்பிள்ளை பிரதமரானார். நேசமணி தலைமை தாங்கிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் வென்றவை 14 மட்டுமே. ஆட்சி கிட்டவில்லை. ஆனால், தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்னும் தென்கோடித் தமிழரின் விருப்பத்தை அந்த 14 இடங்கள் நாட்டுக்கு உணர்த்தின.

அதன்பின் அவர் ஓய்ந்தாரில்லை. 1952-இல் நாடாளுமன்றம் சென்றார். 1954-இல் தேவிகுளத்தில் தடையை மீறிச் சிறைப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தமிழர் பலர் உயிர்நீத்தனர். அன்று முதலமைச்சராக இருந்தவரும் பட்டம் தாணுப்பிள்ளையே.

1956 நவம்பர் 1-இல் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் உதயமாயிற்று. செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகம் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றுவிட்டன. 1968-இல் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும்போதே நேசமணி மறைந்தார். அவ்விடத்துக்கு 1969-இல் நடந்த இடைத்தேர்தலில் வென்றவர் பெருந்தலைவர் காமராசர்.

நண்பர்களே! என் முதல் வாக்கைப் பெற்றவர் தோற்றுப்போனார். வீட்டுக்கு வந்து, வாக்கு வீணாயிற்றே என்று வருந்தினேன். தந்தையார் சிரித்தார். பதினான்கு பேரும் வீட்டுக்குப் போயிருந்தால் நம் ஊர் எங்கேயடா இருக்கும் என்று கேட்டார். பள்ளிப் படிப்பையே முடிக்காத அவரிடம் நான் கற்ற அரசியல் பாடம் அதுவே.