முகங்களைப் படித்த மெக்ஸிகோ சித்திரக்காரர்

சினிமா நட்சத்திரங்களின் முகங்களைச் சித்திரமாகத் தீட்டுவது வெறும் பொழுதுபோக்கு என்பது பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள் பலருடைய அபிப்பிராயம். தேசத்துக்கு உழைக்க வேண்டிய கை ஒரு ஹாஸ்ய நடிகரின் மீசையையும் தொப்பியையும் வரைந்துகொண்டிருப்பது வீண் என்று அவர்கள் நினைக்கிறார்கள். இவ்வபிப்பிராயம் எவ்வளவு தூரம் சரியானது என்று சீர்தூக்கிப் பார்க்க விரும்புவோர் மெக்ஸிகோ தேசத்துச் சித்திரக்காரரான மிகேல் கோவருபியாஸின் வாழ்க்கையை அறிய வேண்டும். சார்லி சாப்ளினையும் கிரேட்டா கார்போவையும் வரைந்து பேர் பெற்ற அவர், அதே கண்ணைக் கொண்டு தமது தேசத்தின் மறைந்த பழமையைக் கண்டெடுத்தார்.

கோவருபியாஸ் 1904-ம் வருஷம் நவம்பர் மாதம் 22-ந் தேதி மெக்ஸிகோ நகரில் பிறந்தார். தகப்பனார் எஞ்சினீயர். பிள்ளைக்கு ஆறு வயது நிறையும் தறுவாயில், 1910-ல், சர்வாதிகாரி போர்பிரியோ டியாஸை எதிர்த்துப் புரட்சி மூண்டது. அடுத்த பத்து வருஷம் உள்நாட்டு யுத்தம். அந்த நெருப்பிலிருந்து வெளிவந்த தலைமுறை, ஐரோப்பாவைப் பார்த்து ஏங்குவதை விட்டுத் தன் மண்ணைப் பார்க்கத் தொடங்கியது. டீகோ ரிவேராவும் ஒரோஸ்கோவும் பொதுக் கட்டிடங்களின் சுவர்களில் குடியானவர்களின் சரித்திரத்தைத் தீட்டினார்கள். இளைஞர் கோவருபியாஸ் பதினான்காவது வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். சர்க்கார் காரியாலயத்தில் தேசப்படங்கள் வரைந்தார். ஓய்வு நேரங்களில் காப்பிக் கடைகளில் உட்கார்ந்து நடிகர்களையும் எழுத்தாளர்களையும் விகடமாக வரைந்தார். பெரியவர்கள் அவரைச் செல்லமாகப் பொடியன் என்று அழைத்தார்கள்.

1923-ல், இருபது வயதுகூட நிரம்பாத நிலையில், அவர் நியூயார்க் நகரம் சேர்ந்தார். மெக்ஸிகோ கவி ஹொஸே ஹுவான் தப்லாதா அங்கே அவருக்கு ஆதரவாக இருந்தார். சீக்கிரமே வானிட்டி பேர் என்னும் பிரசித்தமான பத்திரிகையில் அவருடைய விகடச் சித்திரங்கள் வெளிவரலாயின. 1925-ல் அவை புஸ்தகமாயின. வேல்ஸ் இளவரசரையும் இதர பிரபல அமெரிக்கர்களையும் பற்றியது என்ற பொருளில் அதற்குத் தலைப்பு. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பட்டத்து இளவரசரிடம் அமெரிக்க ஜனங்கள் கொண்டிருந்த மோகத்தைப் பார்த்து, அவரையும் அமெரிக்கர் கணக்கில் சேர்த்துவிட்டார் இந்தப் பொடியன்! ஆயிரம் கண்டனத் தீர்மானங்கள் செய்ய முடியாததை ஒரு தலைப்பு செய்துவிட்டது.

இவருடைய கலையின் ரகசியம் யாது? சினிமாக் கம்பெனிகள் பரப்பும் புகைப்படங்களில் நட்சத்திரத்தின் முகம் தெரிவதில்லை. பூச்சும் வெளிச்சமுமே தெரிகின்றன. எல்லா முகமும் ஒரே அச்சில் வார்த்த முகம். விகடச் சித்திரக்காரனோ முகத்திலுள்ள பத்து அம்சங்களில் ஒன்பதைத் தள்ளி, மற்றொருவரிடம் இல்லாத ஒன்றை மாத்திரம் பிடித்துக்கொள்கிறான். சாப்ளின் விஷயத்தில் இது எளிதல்ல. தொப்பி, மீசை, பிரம்பு மூன்றையும் வரைந்தால் குழந்தைக்கும் அடையாளம் தெரிந்துவிடும். ஆனால் அது சாப்ளினின் வேஷமே அன்றி சாப்ளின் அல்ல. கிரேட்டா கார்போவிடமோ வேஷமே இல்லை. வளைந்த புருவமும் பாதி மூடிய இமையுமே எல்லாம். கோடு ஒரு நூலிழை பிசகினாலும் முகம் வேறொருத்தியுடையதாகிவிடும். கோவருபியாஸ் இருவகை முகங்களையும் கல்லில் செதுக்கியவைபோல் உருண்டு திரண்ட வடிவங்களாக அமைத்தார். 1924-ல் அவருடன் ஒரே சித்திரசாலையைப் பகிர்ந்துகொண்டிருந்த ஆல் ஹிர்ஷ்பெல்ட் என்பவர், பின்னர் எழுபது வருஷத்துக்கு மேல் நாடக, சினிமா நட்சத்திரங்களை வரைந்து அக்கலையைப் புகழேணியில் ஏற்றினார்.

1931-ல் வானிட்டி பேர் ஒரு புதுமையான வரிசையைத் தொடங்கியது. ஒருநாளும் சந்திக்க மாட்டாத இருவரைச் சந்திக்க வைத்து ஒரு கற்பனைச் சம்பாஷணை. கோவருபியாஸ் அதற்குச் சித்திரம். வாய் திறவாத கார்போவையும், அதேபோல் வாய் திறவாத மாஜி ஜனாதிபதி கூலிட்ஜையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். நடிகர் கிளார்க் கேபிளுக்கு ஜோடி வேல்ஸ் இளவரசர். ஸ்டாலினுக்கு ஜோடி கோடீசுவரர் ராக்பெல்லர். நமது மகாத்மா காந்தியையும் விடவில்லை. அமெரிக்க மதப் பிரசாரகி ஒருவருடன் அவரை நிறுத்தினார்கள்.

இதைக் கண்டு நாம் கோபிக்க வேண்டியதில்லை. சாம்ராஜ்ய இளவரசரும், கோடீசுவரரும், சிறை சென்ற சந்நியாசியும் அந்த ஏடுகளில் ஒரே தராசில் நிறுக்கப்பட்டார்கள். அத்தராசில் மானம் போனது எவருக்கு என்பது சரித்திரம் அறிந்த விஷயம். இதில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டன் சென்றிருந்த மகாத்மாவைச் சாப்ளின் அதே 1931-ம் வருஷம் செப்டம்பர் மாதம் நேரில் கண்டு இயந்திரங்களைப் பற்றிப் பேசினார். மகாத்மா அவருடைய படம் ஒன்றையேனும் பார்த்தவரல்லர். எந்த விகடச் சித்திரக்காரனும் கற்பனை செய்யத் துணியாத சந்திப்பு உண்மையாகவே நடந்துவிட்டது.

கோவருபியாஸின் பேனாவிலும் குறை உண்டு. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லம் பகுதியின் நடன சாலைகளை அவர் ஆசையோடு வரைந்து 1927-ல் புஸ்தகமாக வெளியிட்டார். அம்மக்களின் தலைவர்களில் ஒருவரான டூபாய்ஸுக்கு அச்சித்திரங்கள் சிறிதும் பிடிக்கவில்லை. வெளிப்படையாகவே வெறுப்பைத் தெரிவித்தார். அரசனைக் கேலியாக வரைந்தால் அரசன் சிறிது இறங்குகிறான். ஒடுக்கப்பட்டவனை அவ்விதம் வரைந்தால் ஒடுக்குபவனுக்கே சிரிப்பு. இந்தப் பாடத்தை அவர் உணர்ந்தாரோ இல்லையோ, அவருடைய பிற்கால வேலை வேறு திசையில் சென்றது.

1930-ல் நடன மாது ரோஸா ரோலண்டாவை மணந்து, தம்பதிகளாகப் பாலித் தீவு சென்றார். 1933-ல் மறுபடியும் சென்றார். டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த அத்தீவின் கோயில், விவசாயம், நடனம், ஈமச்சடங்கு ஆகியவற்றை நேரில் ஆராய்ந்து 1937-ல் வெளியிட்ட நூல் இன்றும் வாசிக்கப்படுகிறது. 1906-ல் பாலி ராஜ குடும்பத்தார் வெள்ளை உடை தரித்து, டச்சுத் துப்பாக்கிகளுக்கு முன் நடந்து சென்று மாண்ட சரித்திரமும் அந்நூலில் உண்டு. நட்சத்திரங்களைக் கேலி செய்த பேனா அங்கே கேலியை மறந்தது.

1936-ல் வானிட்டி பேர் நின்றது. கோவருபியாஸ் தாய்நாட்டையே தமது வேலைக்குக் களமாகக் கொண்டார். தெஹுவாந்தெபெக் பூசந்தியின் ஜனங்களைப் பற்றி 1946-ல் ஒரு நூல் எழுதினார். புதைபொருள் ஆராய்ச்சியில் ஓல்மெக் என்ற பெயரால் வழங்கும் சிற்பங்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. அவை மாயா நாகரிகத்துக்குப் பிற்பட்டவை என்று ஆங்கிலப் பண்டிதர் எரிக் தாம்ஸன் சாதித்துவந்தார். 1942-ல் கூடிய அறிஞர் சபையில் அல்போன்ஸோ காஸோவும் கோவருபியாஸும் அதை மறுத்து, ஓல்மெக்கே முந்தியது, அதுவே தாய் என்றார்கள். கோவருபியாஸ் ஒரு வம்சாவளிச் சித்திரம் தீட்டினார். ஓல்மெக் சிற்பத்திலுள்ள புலி முகத்தின் சுருண்ட உதடு படிப்படியாக மாறி, பிற்காலத்து மழைத் தெய்வங்களின் முகங்களாக ஆனதை அச்சித்திரம் காட்டுகிறது. சாப்ளினின் முகத்தில் தள்ள வேண்டியதைத் தள்ளிக் கொள்ள வேண்டியதைக் கொண்ட அதே கண்தான் இங்கும் வேலை செய்தது. பட்டம் பெற்ற பண்டிதருக்குப் புலப்படாதது, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட விகடக்காரருக்குப் புலப்பட்டது.

1957-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 4-ந் தேதி, ஐம்பத்திரண்டாவது வயதில், கோவருபியாஸ் மெக்ஸிகோ நகரில் காலமானார். கரியைச் சோதித்துக் காலம் கணிக்கும் விஞ்ஞான முறையால் லா வெண்டா என்னும் ஓல்மெக் ஸ்தலம் கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது என்ற முடிவு அதே வருஷத்தில் வெளிவந்தது. ஓல்மெக் மற்றவற்றுக்கெல்லாம் தாயா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு. மூத்தது என்பதில் விவாதமில்லை.

ஆகவே, ஓர் இளைஞன் சினிமா நடிகரின் முகத்தை வரைந்துகொண்டிருப்பதைக் கண்டால் அவன் கையிலிருந்து பென்ஸிலைப் பிடுங்க வேண்டாம். ஒரு முகத்தைச் சரியாகப் பார்ப்பது எளிய வித்தையல்ல. அவ்வித்தை கைவந்தவன் பின்னொரு நாள் தன் ஜனங்களின் முகத்தையும் சரியாகப் பார்ப்பான். நட்சத்திரத்தோடு நின்றுவிடாமல் அவன் பார்வை அம்மட்டும் செல்லும்படி செய்வது நமது கடமை.