நாடற்ற ஒருவர் விம்பிள்டனை வென்ற கதை

ராகலையைச் சுற்றியுள்ள பழைய தோட்டங்களில் துரை பங்களாவுக்குப் பக்கத்தில் சமதரையாக ஒரு துண்டு நிலத்தைக் காணலாம். சரிவும் மேடுமாகக் கிடக்கும் இந்த மலையில் அவ்வளவு சமமான தரை தானாக அமையாது. யாரோ மண்ணை வெட்டி, கல் அடுக்கி, உருளை இழுத்துச் சமப்படுத்தியிருக்கிறார்கள். வெள்ளைத் துரைமார் டெனிஸ் ஆடிய மைதானங்கள் அவை. இன்று பலவற்றில் புல் மண்டிக் கிடக்கிறது. சிலவற்றில் கரட்டும் லீக்ஸும் போட்டிருக்கிறார்கள்.

அந்த மைதானங்களைப் பெருக்கியவர்களும் கோடு போட்டவர்களும் வெளியே போன பந்தை ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தவர்களும் லயத்துப் பிள்ளைகள். அவர்கள் கையில் மட்டை வந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, ஒரு மைதானப் பராமரிப்பாளரின் மகன், பந்து பொறுக்கிய பையன், விம்பிள்டனை வென்றான் என்று வாசித்தபோது அந்த ஆளைப் பற்றி மேலும் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தேடியபோது வந்து நின்றது விளையாட்டை விடப் பெரிய விடயம். அவர் வென்ற நாட்டுக்கும் பிறந்த நாட்டுக்கும் தொடர்பே இல்லை. இடையில் அவர் எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமலும் இருந்திருக்கிறார்.

அவர் பெயர் யாரொஸ்லாவ் ட்ரோப்னி.

பந்து பொறுக்கிய பையன்

1921ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் திகதி ப்ராக் நகரில் பிறந்தார். அன்று அந்த நாட்டின் பெயர் செக்கோஸ்லோவாக்கியா. தந்தை ஒரு டெனிஸ் கழகத்தின் மைதானத்தைப் பார்த்துக்கொண்டவர். ஐந்து வயதிலேயே பையன் மட்டையைப் பிடித்தான். பந்து பொறுக்கும் வேலை செய்தபடியே, கரெல் கொஷெலு போன்ற உலகத் தரமான செக் ஆட்டக்காரர்கள் எப்படிக் காலை வைக்கிறார்கள், எப்படி மட்டையைத் திருப்புகிறார்கள் என்று பார்த்துப் பழகினான். இடக்கை ஆட்டக்காரன். பந்தை உயரே போட்டு அடிக்கும் முதல் அடியிலேயே எதிராளியை நிலைகுலைய வைக்கும் வேகம் அவனிடம் இருந்தது.

1938இல், 16 வயதில், விம்பிள்டனில் முதன்முதலாக ஆடினார். அடுத்த ஆண்டு மீண்டும் போனபோது அவருடைய நாடு உலகப் படத்தில் இல்லை. 1939 மார்ச்சில் ஹிட்லரின் படை ப்ராக் நகருக்குள் புகுந்திருந்தது. ஜெர்மனியின் பாதுகாப்பில் உள்ள பொஹீமியா - மொராவியா என்ற பெயரில்தான் அவர் அந்த முறை பதிவானார். 18 வயது ஆகுமுன்பே அவர் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு நாடுகளின் பெயர்கள் எழுதப்பட்டுவிட்டன. அவர் வீடு மாறவில்லை.

போர் காரணமாக 1940 முதல் 1945 வரை விம்பிள்டன் நடக்கவில்லை. ஓர் ஆட்டக்காரனின் உடல் மிக நன்றாக ஒத்துழைக்கும் ஆறு ஆண்டுகள் அப்படியே போயின. போரில் இளமையைத் தொலைத்த நம் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பனித்தரையும் புல்தரையும்

போர் முடிந்ததும் 1946இல் திரும்பி வந்தார். அந்த ஆண்டு விம்பிள்டனில் அமெரிக்காவின் ஜாக் கிராமரைத் தோற்கடித்து அரையிறுதி வரை போனார். கிராமர் மறு ஆண்டே பட்டம் வென்றவர்.

கோடையில் டெனிஸ் என்றால் குளிர்காலத்தில் ஐஸ் ஹொக்கி. அதிலும் அவர் உலகத் தரம். 1947இல் ப்ராக் நகரில் நடந்த உலகக் கிண்ணத்தை வென்ற செக்கோஸ்லோவாக்கிய அணியில் அவர் இருந்தார். 1948 குளிர்கால ஒலிம்பிக்கில் அந்த அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல், கோல் கணக்கில் மட்டும் கனடாவுக்குப் பின்தங்கி வெள்ளி பெற்றது. ஹொக்கி ஆட்டத்தில் கண்ணில் பட்ட காயம் அவரோடு நிலைத்துவிட்டது. பிறகு நிறம் பூசிய கண்ணாடி அணிந்துதான் டெனிஸ் ஆடினார். படங்களில் அவரை அடையாளம் காண அந்தக் கண்ணாடியே போதும்.

1948 பெப்ரவரியில் செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. வெளிநாடு போகும் வீரர்கள் மீது கண்காணிப்பு விழுந்தது. எங்கே ஆடலாம், யாரோடு ஆடக்கூடாது என்பதை அரசு தீர்மானிக்கத் தொடங்கியது. அவர் ஆடிக்கொண்டேயிருந்தார். 1949 ஜூலையில் விம்பிள்டன் இறுதியாட்டத்தில் டெட் ஷ்ரோடரிடம் ஐந்து செட்களில் தோற்றார்.

அடுத்த சில நாட்களில் சுவிட்சர்லாந்தின் க்ஷ்டாட் நகரில் ஒரு போட்டி. ஜெர்மானியரும் ஸ்பானியரும் ஆடுவதால் விலகி வரும்படி ப்ராக்கிலிருந்து உத்தரவு வந்தது. அவரும் சக வீரர் விளாதிமீர் செர்னிக்கும் அந்த உத்தரவை ஏற்கவில்லை. இனித் திரும்புவதில்லை என்று முடிவெடுத்தார்கள். ட்ரோப்னியின் கையில் அப்போது இருந்தவை ஓரிரு சட்டைகள், ஒரு பல்துலக்கி, 50 டொலர். அவருக்கு வயது 27.

கடிதாசி இல்லாத மனிதர்

அன்று விம்பிள்டன் போன்ற பெரிய போட்டிகளில் பரிசுப் பணம் கிடையாது. 1968 வரை அவை தொழில்முறை அல்லாத ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே உரியவை. போட்டி நடத்துபவர்கள் கொடுக்கும் பயணச் செலவிலும் தங்கும் செலவிலும்தான் காலம் தள்ள வேண்டும். அப்படியானால் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஊர் ஊராகப் போகக் கடவுச்சீட்டு வேண்டும். அதுதான் அவரிடம் இல்லை.

சுவிட்சர்லாந்தில் முயன்றார். அமெரிக்காவில் முயன்றார். அவுஸ்திரேலியாவில் முயன்றார். உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர், விம்பிள்டன் இறுதியாட்டம் வரை வந்தவர். இருந்தும் காரியம் ஆகவில்லை. கடைசியில் மன்னர் பாரூக் ஆண்ட எகிப்து குடியுரிமை தர முன்வந்தது. 1950 முதல் விம்பிள்டனில் அவர் எகிப்தின் ஆட்டக்காரர்.

தப்பி வந்தது சரியா என்ற கேள்விக்கு அவர் விட்டு வந்த அணியே பதிலாக நிற்கிறது. 1948 நவம்பரில் தேசிய ஹொக்கி அணியின் ஆறு வீரர்கள் ஆங்கிலக் கால்வாய்க்கு மேல் விமானத்தோடு காணாமல் போனார்கள். 1950 மார்ச்சில், லண்டனில் நடக்கவிருந்த உலகக் கிண்ணத்துக்குப் புறப்பட்ட அணியை அரசு விமான நிலையத்திலேயே மறித்தது. திரும்பி வரமாட்டார்கள் என்ற பயம். ஆத்திரத்தில் மதுக்கடையில் சத்தம் போட்ட வீரர்கள் கைதானார்கள். தேசத்துரோக வழக்கில் 8 மாதம் முதல் 15 ஆண்டு வரை தண்டனை. பலர் யுரேனியச் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 15 ஆண்டு விதிக்கப்பட்ட கோல்காப்பாளர் பொஹுமில் மொட்ரி 1955இல் வெளியே வந்தார், 1963இல் இறந்தார். ட்ரோப்னியோடு உலகக் கிண்ணம் வென்றவர் அவர்.

போனவர்களுக்கு ஒரு கணக்கு, நின்றவர்களுக்கு ஒரு கணக்கு. வடக்கிலும் கிழக்கிலும் இருந்து புறப்பட்டவர்களும் புறப்படாமல் இருந்தவர்களும் இந்தக் கணக்கை மனதுக்குள் இன்றும் போட்டுப் பார்க்கிறார்கள். நின்றவர்களுக்கு நடந்ததைப் பார்த்துவிட்டு, போனவரை ஓடிப்போனவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1953இன் மாலை, 1954இன் பகல்

எகிப்தின் கடவுச்சீட்டோடு அவர் ஆடிய ஆட்டம் அதற்கு முன் ஆடியதை விடச் சிறந்தது. பிரெஞ்சுப் பட்டத்தை 1951இலும் 1952இலும் வென்றார். 1952 விம்பிள்டன் இறுதியில் பிராங்க் செட்ஜ்மனிடம் தோற்றார். விம்பிள்டன் மட்டும் கைக்கு எட்டிக்கொண்டே போய் நழுவியது.

1953இல் மூன்றாம் சுற்றில் நண்பர் பட்ஜ் பாட்டியோடு மோதினார். 93 கேம்கள். ஏறக்குறைய நாலரை மணி நேரம். பாட்டிக்கு ஆறு முறை வெற்றிக்கான புள்ளி கிடைத்தது. ஆறு முறையும் ட்ரோப்னி தப்பினார். 8-6, 16-18, 3-6, 8-6, 12-10 என்று முடிந்தபோது வெளிச்சம் போய்விட்டது. வென்றவர் அவர்தான், ஆனால் கால் போய்விட்டது. அந்தக் காலோடு அரையிறுதி வரை நொண்டிப் போய்த் தோற்றார். இனி இந்த மனிதர் வெல்லமாட்டார் என்றே பலரும் நினைத்தார்கள்.

1954இல் தரவரிசையில் அவரை 11ஆம் இடத்தில் போட்டார்கள். வயது 32. காலிறுதியில் லூ ஹோட், அரையிறுதியில் மறுபடி பாட்டி, இறுதியில் 19 வயது கென் ரோஸ்வோல். 13-11, 4-6, 6-2, 9-7. முதல் விம்பிள்டனுக்கும் வென்ற விம்பிள்டனுக்கும் இடையே 16 ஆண்டுகள். அன்று ஆங்கிலேயப் பார்வையாளர்கள் அந்த அகதியின் பக்கம்தான் நின்றார்கள்.

அதே 1954 விம்பிள்டனில் சிறுவர் பட்டத்தை வென்றவர் ஒரு தமிழர். 17 வயது ராமநாதன் கிருஷ்ணன். அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியர். அவருக்கும் டெனிஸ் சொல்லிக் கொடுத்தவர் தந்தைதான். அந்த ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து ஒருவருக்கு மட்டை கிடைத்தது, ப்ராக்கிலிருந்து ஒருவருக்குக் கடவுச்சீட்டு கிடைத்தது. ராகலையில் அந்த ஆண்டு இரண்டும் இல்லை.

நம் பக்கத்து 1949

ட்ரோப்னி க்ஷ்டாட்டில் நாடற்றவரான அதே காலத்தில்தான் மலையகத்தில் நாங்கள் நாடற்றவர்களானோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. லயத்தில் பிறந்த எத்தனை பேரிடம் பாட்டனின் பிறப்புப் பத்திரம் இருந்திருக்கும்? 1949இன் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டார்கள். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 7 பாராளுமன்ற ஆசனங்களைக் கொடுத்த மக்கள் வாக்குரிமை இழந்தார்கள்.

1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டு 9,75,000 பேரைப் பங்கிட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. போகாதவர்களில் சிலர் 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இறங்கினார்கள். போர் அவர்களை அங்கே பிடித்தது. எஞ்சிய நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வர 2003 ஆனது.

ட்ரோப்னியையும் எங்கள் சனத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அவர் நாட்டை விட்டு வெளியேறியதால் நாடற்றவரானார். எங்கள் ஆட்கள் இருந்த இடத்தில் இருந்தபடியே நாடற்றவர்களானார்கள். அவருக்கு ஓராண்டுக்குள் ஒரு நாடு கதவைத் திறந்தது, ஏனென்றால் அவர் இடக்கையில் ஒரு வித்தை இருந்தது. நாட்டுக்கே அந்நியச் செலாவணி கொண்டுவந்த விரல்களின் வித்தை கணக்கில் வரவில்லை. மனிதனாக இருந்தது இரண்டு இடத்திலும் போதவில்லை. அவர் கதையில் என்னை உறுத்துவது இதுதான். அவ்வளவு பெரிய வீரருக்கே மூன்று நாடுகள் கைகொடுக்கவில்லை என்றால், வித்தை எதுவும் இல்லாத அகதிக்கு என்ன கதி?

கடைசி நாடு

1959இல் அவர் பிரித்தானியக் குடிமகனானார். மறு ஆண்டு, 38 வயதில், பிரித்தானியாவின் பெயரில் கடைசியாக விம்பிள்டனில் ஆடினார். செக்கோஸ்லோவாக்கியா, பொஹீமியா - மொராவியா, எகிப்து, பிரித்தானியா என்று ஒரே போட்டியில் நான்கு அடையாளங்களோடு ஆடியவர். 1983இல் டெனிஸ் புகழ்மண்டபத்திலும் 1997இல் ஹொக்கி புகழ்மண்டபத்திலும் இடம்பெற்றார். அவர் வாழ்க்கைக் கதையை 1955இல் புத்தகமாக்கியபோது, புலம்பெயர்ந்த வாகையர் என்ற பொருளில் தலைப்பிட்டிருந்தார். வென்று ஓராண்டு கழிந்தும் அவருக்கு முந்தி வந்த சொல் அதுதான் போலும்.

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் திகதி, 79ஆம் வயதில், லண்டனில் காலமானார். நியூயோர்க் தாக்குதலுக்கு இரண்டு நாள் கழித்து. உலகம் வேறு செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. விம்பிள்டன் பட்டியல்களில் 1954க்கு நேரே அவர் பெயரும் பக்கத்தில் எகிப்து என்ற பெயரும் இன்றும் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் அப்பாயியின் பிரஜாவுரிமைப் பத்திரம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்து, ஒட்டுத்தாள் போட்டு வைத்தது. அவர் பிறந்ததும் இறந்ததும் ஒரே தோட்டத்தில். அவர் போய்ப் பல வருடங்கள் ஆகியும் அதை வீசிவிட யாருக்கும் துணிவு வரவில்லை. இதற்குள் தமிழ்நாட்டு முகாம்களில், மலையகத்திலிருந்து வன்னிக்கும் வன்னியிலிருந்து கடலுக்கும் போன குடும்பங்கள் அப்படி ஒரு கடிதாசிக்காக இன்னும் காத்திருக்கின்றன.