டிராயிங் போர்டிலிருந்து தர்பார் வரை: ராஜா தீன்தயாள்



ஆண்டு மலர் என்றாலே விஸ்வேஸ்வரய்யா பற்றி ஒரு கட்டுரை கட்டாயம் இருக்கும். இருக்க வேண்டியதுதான். அவர் பிறந்த நாளைத்தானே நாம் பொறியாளர் தினம் என்று கொண்டாடுகிறோம். ஆனால் இந்த வருடம் நான் வேறொரு சிவில்காரரை உங்களுக்கு அறிமுகம் செய்யப் போகிறேன். அவரும் நம்மை மாதிரி சர்வே, டிராயிங், எஸ்டிமேட் எல்லாம் படித்தவர்தான். படித்து முடித்ததும் அரசாங்க உத்தியோகமும் கிடைத்தது. ஆனால் எந்த அணையிலும் எந்தப் பாலத்திலும் அவர் பெயரைப் பார்க்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவின் முகங்களைக் கண்ணாடித் தகட்டில் பிடித்து வைத்துவிட்டுப் போன மனிதர் அவர். பெயர் லாலா தீன்தயாள். பின்னாளில் ராஜா தீன்தயாள்.

நான் இவரைத் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் தாய்மாமா போட்டோக்காரர். சிதம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவில் தொழில் கற்றுக்கொண்டு, பிறகு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சொந்தமாகச் சின்னக் கடை போட்டவர். அவர் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் தீன்தயாளைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொன்றாய்ப் புரிந்தது. அதையும் நடுநடுவே சொல்கிறேன்.

ரூர்க்கியில் ஒரு மாணவன்

தீன்தயாள் பிறந்தது 1844ஆம் ஆண்டு, மீரட் பக்கத்தில் சர்தானா என்ற ஊரில். நகை வியாபாரம் செய்த ஜைனக் குடும்பம். படித்தது ரூர்க்கி தாமசன் சிவில் இன்ஜினியரிங் கல்லூரியில். கங்கைக் கால்வாய் வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காக 1847இல் தொடங்கிய கல்லூரி அது. இன்றைக்கு அதுதான் ரூர்க்கி ஐ.ஐ.டி.

1866இல் இந்தூரில் மராமத்து இலாகா செயலக அலுவலகத்தில் தலைமை எஸ்டிமேட்டராகவும் டிராஃப்ட்ஸ்மேனாகவும் சேர்ந்தார். வயது 22. மாதச் சம்பளம், பென்ஷன், மரியாதை எல்லாம் உள்ள வேலை. நம்ம வீடுகளில் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லும் வேலை!

கேமரா அவர் கைக்கு வந்தது 1870களில். இந்தூர் மன்னர் இரண்டாம் துக்கோஜி ராவ் ஹோல்கர் ஆதரவு கொடுத்தார். மத்திய இந்தியாவுக்கான கவர்னர் ஜெனரலின் ஏஜெண்டாக இருந்த சர் ஹென்றி டேலி ஊக்கம் கொடுத்தார். 1875-76இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது அவரைப் படமெடுக்கும் வாய்ப்பும் தீன்தயாளுக்குக் கிடைத்தது. அந்த இளவரசர்தான் பின்னால் ஏழாம் எட்வர்ட் மன்னரானவர்.

ஒரு படம் எடுக்க எத்தனை பாடு?

இன்றைக்கு நாம் போனை நீட்டுகிறோம், படம் வந்துவிடுகிறது. தீன்தயாள் தொழிலுக்கு வந்த நாளில் நிலைமையே வேறு. நாம் தொழில்நுட்பம் படிப்பவர்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

அன்று வழக்கிலிருந்தது ஈரத் தகடு முறை. முதலில் ஒரு கண்ணாடித் தகட்டைப் பளபளவென்று துடைக்க வேண்டும். அதன் மேல் கொலோடியன் என்ற பசை போன்ற திரவத்தைச் சீராக ஓடவிட வேண்டும். பிறகு இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். தகடு ஈரமாக இருக்கும்போதே கேமராவில் போட்டுப் படமெடுத்து, காய்வதற்குள் டெவலப் செய்தும் ஆக வேண்டும். காய்ந்துபோனால் ரசாயனம் உள்ளே இறங்காது, தகடு வீண். மொத்தத்தில் கால் மணி நேரத்துக்குள் வேலை முடிந்தாக வேண்டும். அதனால் போட்டோக்காரர் போகுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரமும் கூடவே போகும். கண்ணாடி, அமிலம், தண்ணீர் எல்லாம் மாட்டு வண்டியில். நம்ம கடலூர் மே மாத வெயிலில் அந்தக் கூடாரத்துக்குள் நிற்பதை நினைத்துப் பாருங்கள்!

அச்சுப் போடும் காகிதத்துக்கு முட்டையின் வெள்ளைக்கருவைத் தடவுவார்கள். நெகட்டிவை அதன் மேல் வைத்து வெயிலில் காயவைத்தால் படம் மெல்ல மெல்ல எழும்பும். பெரிதாக்கும் வழக்கம் அதிகம் இல்லை. எந்த அளவில் படம் வேண்டுமோ அந்த அளவிலேயே கண்ணாடியும் வேண்டும். 1880 வாக்கில் உலர் தகடுகள் கடைக்கு வந்தன. முன்கூட்டியே தயாரித்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம், திரும்பி வந்து நிதானமாகக் கழுவிக்கொள்ளலாம். தீன்தயாளின் தொழில் பெரிதாக வளர்ந்ததும் சரியாக அந்தக் காலத்தில்தான். புதுத் தொழில்நுட்பம் வரும்போது தயாராக நிற்பவனுக்குத்தான் வாசல் திறக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

வேலையை விட்டார்

1882இல் சர் லெபல் கிரிஃபின் என்ற அதிகாரியோடு புந்தேல்கண்ட் பகுதியில் சுற்றுப்பயணம் போனார். குவாலியர், ஓர்ச்சா மாதிரி இடங்களின் கோட்டைகளையும் கோயில்களையும் படமெடுத்தார். அந்தப் படங்கள் 1886இல் மத்திய இந்தியாவின் புகழ்பெற்ற சின்னங்கள் என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகமாக வந்தன. அந்தக் கட்டடப் படங்களைப் பார்த்தால் எடுத்தவர் டிராஃப்ட்ஸ்மேன் என்று நமக்குத் தெரிந்துவிடும். தூண் தூணாகவே நிற்கும், சாயாது. எங்கே நின்றால் எலிவேஷன் முழுசாகத் தெரியும், எந்த நேரத்து வெயிலில் செதுக்கு வேலை எடுத்துக் காட்டும் என்று கணக்குப் போட்டு எடுத்திருக்கிறார். ஆளை ஓரமாக நிறுத்தி அளவு காட்டுவதும் உண்டு. ரூர்க்கிப் படிப்பு வீணாகவில்லை, இடம் மாறிக்கொண்டது, அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் அவர் அரசாங்க வேலையை விட்டார். அவசரப்பட்டு விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் விடுப்பு எடுத்துக்கொண்டு படமெடுத்துப் பார்த்தார். கால் ஊன்றும் என்று தெரிந்த பிறகே முழு நேரமாக இறங்கினார். 1885இல் வைஸ்ராயின் புகைப்படக்காரர் என்ற நியமனம் வந்தது. ஐதராபாத்தின் ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கானின் அரசவைப் புகைப்படக்காரராகவும் ஆனார்.

கல்கத்தாவில் போர்ன் அண்ட் ஷெப்பர்ட் போன்ற வெள்ளைக்காரக் கம்பெனிகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. அவர்களுக்குச் சமமாக, சர்தானாவிலிருந்து வந்த ஒருவர் சொந்தப் பெயரில் பலகை மாட்டினார். 1886இல் செகந்திராபாத்தில் ஸ்டுடியோ. 1896இல் பம்பாயில் இன்னொன்று. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் பரிசு. விக்டோரியா மகாராணியின் அங்கீகாரமும் கிடைத்தது. நிஜாம் அவருக்கு ராஜா பகதூர் முசவ்விர் ஜங் என்ற பட்டம் கொடுத்தார். முசவ்விர் என்றால் படம் படைப்பவர்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. 1892இல் ஐதராபாத்தில் பெண்களுக்கென்றே தனி ஸ்டுடியோ திறந்தார். உயரமான சுவர்கள், உள்ளே ஆண்கள் யாரும் கிடையாது. கென்னி லெவிக் என்ற ஆங்கிலப் பெண்மணி பொறுப்பில் அது நடந்தது. கோஷா முறையில் இருந்த பெண்கள் அந்நிய ஆண் முன்னால் வந்து உட்கார மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல், அவர்கள் வந்து உட்காரும்படி இடத்தை அமைத்தார். வாடிக்கையாளர் எதனால் கடைக்கு வரவில்லை என்று யோசிப்பதுதானே வியாபாரம்?

முகம் பிடிப்பது என்றால் என்ன?

என் மாமா ஒரு விஷயம் அடிக்கடி சொல்வார். கேமரா முன்னால் உட்கார்ந்ததும் மனுஷன் வேறு ஆளாகிவிடுவானாம். தோளைத் தூக்குவான், மூச்சைப் பிடிப்பான். அவனை அவனாகத் திருப்பிக் கொண்டுவருவதுதான் தொழில், மற்றதெல்லாம் மெஷின் வேலை என்பார். அதற்காக ஊர்க் கதை கேட்பார், பிள்ளை என்ன படிக்கிறது என்று விசாரிப்பார். பேச்சு சகஜமாகிற நொடியில் பட்டன் அழுத்துவார்.

தீன்தயாளுக்கு அந்த வசதியும் குறைவு. அன்று சில விநாடிகளாவது ஆடாமல் உட்கார வேண்டும். தலை அசையாமலிருக்க ஸ்டுடியோக்களில் பின்னால் இரும்புத் தாங்கி வைப்பது வழக்கம். அப்படி உட்கார வைத்துத்தான் மகாராஜாக்களையும் திவான்களையும் எடுத்தார். நகை, வாள், கம்பளம் எல்லாம் துல்லியமாகத் தெரியும். அவற்றையும் மீறி சில முகங்களில் ஒரு களைப்போ ஒரு கூச்சமோ தெரிகிறது. அங்கேதான் தீன்தயாள் நிற்கிறார்.

ஆனால் காசு கொடுத்தவர்களை மட்டும் அவர் எடுக்கவில்லை. 1899-1900இல் தக்காணத்தில் கடும் பஞ்சம். நிஜாம் அரசு செய்த நிவாரணப் பணிகளைப் பதிவு செய்யும் பொறுப்பு தீன்தயாள் நிறுவனத்துக்கு வந்தது. ஔரங்காபாத் பக்கத்தில் நிவாரணத்துக்குக் காத்திருந்த எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக நிறுத்தி எடுத்த படங்கள் இருக்கின்றன. அவை அரசாங்கத்தின் நற்பணிகளைக் காட்டத்தான் எடுக்கப்பட்டன. இன்று பார்க்கிற நம் கண்ணுக்கு நற்பணி தெரியவில்லை, அந்த மனிதர்கள்தான் தெரிகிறார்கள். அரசரின் படத்துக்குக் கீழே பெயர் இருக்கிறது. இவர்கள் படத்துக்குக் கீழே பெயர் இல்லை. அரண்மனையில் விருந்தைப் படமெடுத்த அதே கம்பெனி, அதே கண்ணாடித் தகடு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. தீன்தயாள் என்ன நினைத்தார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. எடுத்தார், கெடாமல் வைத்தார். அது இல்லையென்றால் அந்தப் பஞ்சம் நமக்கு வெறும் எண்ணிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

நெகட்டிவ் என்னும் சொத்து

தீன்தயாள் கம்பெனியில் நெகட்டிவ்களுக்கு எண் போடுவார்கள். பல படங்களில் அந்த எண்ணை ஓரத்தில் இன்றும் பார்க்கலாம். இதில் என்ன பெருமை என்று கேட்கிறீர்களா? எங்கள் ஊர் கதையைக் கேளுங்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் தேவனாம்பட்டினம் பக்கம் எத்தனையோ வீடுகளைக் கடல் கொண்டு போனது. பாத்திரம் பண்டத்தோடு சுவரில் மாட்டியிருந்த படங்களும் போயின. சில வாரம் கழித்து ஒரு அம்மா மாமா கடைக்கு வந்தார்கள். போன பிள்ளையின் முகம் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட வீட்டில் இல்லையாம். எப்போதோ பள்ளிக்கூடத்துக்கு என்று பாஸ்போர்ட் சைஸ் எடுத்த ஞாபகம் மட்டும் இருந்தது. மாமா தேதி வாரியாக நோட்டு எழுதி வைப்பவர். இரண்டு நாள் தேடி அந்த நெகட்டிவை எடுத்துவிட்டார். பெரிதாக்கி பிரேம் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அதைக் கேள்விப்பட்டு இன்னும் பல பேர் வந்தார்கள்.

2011 டிசம்பர் 30 தானே புயலில் கடையின் கூரைத் தகடு பறந்து, பெட்டிகள் நனைந்துவிட்டன. நனைந்த நெகட்டிவ் அப்படியே காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வீட்டிலிருந்த அத்தனை அன்னக்கூடையிலும் நல்ல தண்ணீர் நிரப்பி, ஒவ்வொன்றாய்ப் பிரித்து, கொடியில் துணி மாதிரி காயப்போட்டோம். கரண்டு இல்லாத பத்து நாளும் அதுதான் வேலை. பாதி தேறியது. டிஜிட்டல் வந்தபிறகு யாரும் கேட்காத அந்த பிலிம்களுக்கு ஏன் இத்தனை பாடு என்று அத்தை திட்டினார்கள். மாமா பதில் பேசவில்லை. சுனாமிக்கு அப்புறம் அதற்குப் பதில் தேவைப்படவில்லை என்று எனக்குத் தோன்றியது.

தீன்தயாளின் கடைசிக் காலத்தில் துக்கமும் இருந்தது. 1903இல் டெல்லி தர்பாரைப் படமெடுத்தார். 1904இல் மகன் தரம் சந்த் இறந்துபோனார். அடுத்த ஆண்டு 1905 ஜூலை 5ஆம் தேதி தீன்தயாளும் பம்பாயில் காலமானார். வயது 61. இன்னொரு மகன் கியான் சந்த் தொழிலைத் தொடர்ந்தார். அதற்குப் பின்னும் கண்ணாடி நெகட்டிவ்களைக் குடும்பத்தார் தூக்கிப் போட்டுவிடவில்லை. அந்தக் குடும்பத்திடமிருந்து 2,857 கண்ணாடி நெகட்டிவ்களை 1989இல் டெல்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையம் வாங்கிப் பாதுகாத்தது. 2006இல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. கண்ணாடி எவ்வளவு எளிதாக உடையும் என்று நமக்குத் தெரியும். நூறு வருடம் உடையாமல் காப்பாற்றுவது படமெடுப்பதற்கு எந்த விதத்திலும் குறைந்த வேலை அல்ல.

நமக்கு என்ன?

நண்பர்களே, எல்லாரும் வேலையை விட்டுவிட்டு கேமரா தூக்குங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. தீன்தயாள் எஸ்டிமேட் போடத் தெரிந்தவர். எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் ஆகும், எங்கே நஷ்டம் வரும் என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் துணிந்தார். அந்தக் கணக்கை அவருக்குக் கற்றுக்கொடுத்தது நாம் படிக்கிற இதே படிப்பு. கேம்பஸில் வேலை கிடைத்தால் சந்தோஷமாகப் போவோம். கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடவில்லை. கையிலிருக்கிற படிப்பை வேறு எந்த வாசலுக்குத் திருப்பலாம் என்று பார்ப்போம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் போன்களில் ஆயிரக்கணக்கில் படம் கிடக்கிறது. போன் தொலைந்தால் எல்லாம் போச்சு. அடுத்த விடுமுறையில் வீட்டிலுள்ள பெரியவர்களை நல்ல வெளிச்சத்தில், அவசரப்படாமல் ஒரு படம் எடுங்கள். அதைக் காகிதத்தில் அச்சுப் போட்டு, பின்பக்கம் பெயரும் ஊரும் தேதியும் எழுதி வையுங்கள். ஔரங்காபாத் வரிசையில் நின்றவர்களுக்கு எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியை, நம் வீட்டு ஆட்களுக்காவது நாம் எழுதிவிடுவோம்.