கொக்கோவில் கலந்த கண்ணீர்

காட்பரி சாக்லெட் என்றால் குழந்தைகளின் நாவில் நீர் ஊறும். அந்தப் பெயரை உலகம் அறியச் செய்தவர் ஜார்ஜ் காட்பரி.

அவர் 1839-ம் ஆண்டு இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் பிறந்தார். தந்தை ஜான் காட்பரி தேயிலைக் கடை வைத்தவர். பிறகு சிறிய கொக்கோ தொழிற்சாலையும் தொடங்கினார்.

நொடித்த தொழில்

1861-ல் தொழில் நொடித்துக் கிடந்தது. வேலையாட்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். அப்போது ஜார்ஜுக்கு வயது 21. அவரும் அண்ணன் ரிச்சர்டும், தாய் வைத்துவிட்டுப் போன பணத்தைத் தொழிலில் போட்டார்கள். செலவைக் குறைக்க, ஜார்ஜ் பத்திரிகை வாங்குவதைக்கூட நிறுத்தினார்.

அந்த நாளில் கொக்கோவில் மாவு கலந்து விற்பது வழக்கம். ஜார்ஜ் ஹாலந்து நாட்டுக்குப் போனார். கொக்கோவின் கொழுப்பைப் பிழிந்து எடுக்கும் எந்திரத்தை வாங்கினார். 1866-ல் கலப்படம் இல்லாத கொக்கோவை விற்றார். தொழில் தழைத்தது.

1879-ல் போர்ன்வில் என்ற இடத்தில் புது ஆலை எழுந்தது. பின்னர் அங்கே தோட்டத்துடன் கூடிய வீடுகளையும் கட்டினார். எழுத்தறியாத பெரியவர்களுக்கு ஞாயிறுதோறும் அவரே பாடம் சொல்லிக் கொடுத்தார். எல்லோரும் அவரை நல்ல முதலாளி என்று புகழ்ந்தார்கள்.

விலைக்கு மனிதர்கள்!

அந்த நல்ல பெயருக்கு ஒரு சோதனை வந்தது.

அவருடைய ஆலைக்கு சாவோ தோமே தீவிலிருந்து கொக்கோ கொட்டை வந்தது. ஆப்பிரிக்காவை ஒட்டிய அந்தத் தீவு அப்போது போர்ச்சுகல் ஆட்சியில் இருந்தது. 1901-ல் அங்கே ஒரு தோட்டம் விற்பனைக்கு வந்தது. அதன் சொத்துப் பட்டியலில் கூலி ஆட்களுக்கும் விலை போட்டிருந்தது! ரிச்சர்டின் மகன் வில்லியம் அதைக் கண்டு திடுக்கிட்டார்.

அங்கோலா நாட்டிலிருந்து அந்த ஆட்களைப் பிடித்து வந்தார்கள். ஏட்டில் ஐந்து ஆண்டு ஒப்பந்தம். ஆனால் ஊர் திரும்பியவர் இல்லை என்றே சொல்லலாம்.

1903-ல் வில்லியம் போர்ச்சுகல் சென்று முறையிட்டார். சீர்திருத்தம் வரும் என்று வாக்குறுதி கிடைத்தது. 1905-ல் ஜோசப் பர்ட் என்பவரை நேரில் விசாரிக்க அனுப்பினார்கள். அவருடைய அறிக்கை 1907-ல் வந்தது. 1908-ல் வில்லியமே தீவுக்குப் போனார்.

விசாரணை நடந்தது, கொள்முதலும் நடந்தது! வாங்குவதை நிறுத்தினால் நம் பேச்சு எடுபடாது என்று அவர்கள் எண்ணினார்கள். 1909 மார்ச் மாதத்தில்தான் நிறுத்தினார்கள்.

சல்லிக்காசுத் தீர்ப்பு

அதற்குள் ஒரு லண்டன் பத்திரிகை காட்பரி கம்பெனியைச் சாடியது. கம்பெனி மான நஷ்ட வழக்குப் போட்டது. 1909 டிசம்பரில் தீர்ப்பு. வழக்கில் வெற்றி காட்பரிக்கே. ஆனால் கிடைத்த நஷ்டஈடு ஒரு பென்னியில் கால் பங்கு, வெறும் சல்லிக்காசு! வெற்றியிலும் தலைகுனிவு!

பிறகு கம்பெனி இன்றைய கானா நாட்டில் கொக்கோ வாங்கியது. அங்கே குடியானவர்கள் சொந்த நிலத்தில் பயிரிட்டார்கள்.

1922-ல் ஜார்ஜ் காலமானார். தம் ஆலைத் தொழிலாளிக்கு வீடு கட்டித் தந்தவர் அவர். கடல் கடந்த தொழிலாளியின் கண்ணீர் தெரிந்த பிறகும், அவர் கம்பெனி கை உதற எட்டு ஆண்டு ஆயிற்று. சரக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மட்டும் போதாது. பதில் தெரிந்ததும் செயலில் இறங்க வேண்டும்.